கலைச்சொல் இழை: ஹோம்ஸ்டெட் பாடத்தில் ‘கருங்காலி’ வரலாமா?

கயல்விழி, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புத் துணைநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்கள்தான் பொருள். கோப்பு வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். லாக்அவுட்டுக்குக் கதவடைப்பு, இன்ஜங்ஷனுக்குத் தடையாணை என்று மற்றதெல்லாம் ஓடிவிட்டது. வேலைநிறுத்தத்தை உடைக்க வேலைக்குப் போகிறவனைத் திட்டும் ‘ஸ்கேப்’பில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் கருங்காலி என்றே எழுதிவிட்டேன். அப்புறம் 1892 ஹோம்ஸ்டெட் பாடம் வந்தது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் கார்னெகியின் எஃகு ஆலை. ஜூன் 30இல் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே மேலாளர் ஃபிரிக் முள்கம்பி வைத்த வேலி எழுப்பி, தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டுகிறார். ஜூலை 6இல் ஆற்று வழியாக பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் 300 காவலர்கள் வருகிறார்கள். துப்பாக்கிச் சண்டை, இரு பக்கமும் சாவு, பிறகு மாநிலப் படை. அந்தப் படையின் காவலில் புது ஆட்கள் ஆலைக்குள் போகிறார்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு. அந்த வரியில் ‘கருங்காலிகள்’ என்று போட்டால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்? யோசனை சொல்லுங்கள்.

புலவர் நல்லசிவம், செவ்வாய் காலை

அம்மா, அஞ்ச வேண்டா. கருங்காலியில் உள்ள கால் மனிதக் கால் அன்று, அடிமரம். குறுந்தொகை 47இல் ‘கருங்கால் வேங்கை’, 24இல் ‘கருங்கால் வேம்பு’. கரிய அடிமரத்தை உடையது கருங்காலி. வைரம் பாய்ந்த அம்மரம் கோடரிக்குக் காம்பாயிற்று; காம்பு தன் இனத்தையே வெட்டிற்று. ‘குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு’ என்ற பழமொழியை நம் பாட்டிமார் சொல்வர். ஆக இது உவமையாகுபெயர். தோலின் நிறம் இதில் எங்கே வந்தது?

அருண், செவ்வாய் மதியம்

> தோலின் நிறம் இதில் எங்கே வந்தது?

ஐயா, பிரிட்டனில் வேலைநிறுத்தத்தை உடைக்கப் போகிறவனை ‘பிளாக்லெக்’ என்பார்கள். பிளாக் கருப்பு, லெக் கால். நம் ஆலைகளுக்குச் சங்கம் வந்ததும் அந்தச் சொல்லும் கூடவே வந்திருக்கும், யாரோ அப்படியே பெயர்த்திருப்பார்கள். கோடரிக்காம்புக் கதை பின்னால் ஒட்டவைத்தது.

இன்னொன்று. இன்றைக்குப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கருங்காலி என்றால் கழுத்தில் போடும் மாலைதான் நினைவுக்கு வரும். ஃபிரிக் ராசிக்காக ஆலைக்குள் மாலை கொண்டுவந்தார் என்று தேர்வில் எழுதி வைப்பான்.

புலவர் நல்லசிவம், செவ்வாய் மாலை

தம்பி, சங்கம் என்றால் எனக்கு மதுரைதான். மரப்பெயர் நமது, உருவகமும் நமது. வெள்ளைக்காரன் காலைப் பிடித்துத்தான் தமிழன் வைய வேண்டுமா? ‘இ’ ஈறு உடைமைப் பொருளில் வருமாற்றைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

(விரித்து எழுதினார். தனி மடலில் அல்ல, இங்கேயே, நான்கு பகுதிகளாக. இழையின் நீளம் கருதி அவற்றை வேறு தலைப்புக்கு நகர்த்தியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

தோழர் மாரிமுத்து, செவ்வாய் இரவு

கோவை மில்லில் முப்பது வருசம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேட் மீட்டிங்கில் கருங்காலி என்று கத்தும்போது எவனும் மரத்தையும் நினைத்ததில்லை, தோலையும் நினைத்ததில்லை. அது வசவு. ஸ்கேப்பும் வசவுதான். புண்ணின் மேல் காயும் பொருக்கு. வசவுக்கு வசவுதான் மொழிபெயர்ப்பு. அதைக் கழுவித் துடைத்து வைத்தால் 1892இல் ஹோம்ஸ்டெட் தொழிலாளி என்ன வலியோடு கத்தினான் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அருண், செவ்வாய் இரவு

அப்படியானால் பொருக்கு என்றே வைக்கலாமே. பொருக்கர், பொருக்கர்கள்.

கயல்விழி, செவ்வாய் இரவு

ரகரம் றகரம் பார்க்காமல் வகுப்பில் ஒருவன் வாசித்தால் பொறுக்கி ஆகிவிடும். வேண்டாம் அருண்.

யோகா, புதன் காலை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பக்கம் வேலைநிறுத்தத்துக்குப் பணிப்பகிஷ்கரிப்பு என்பதுதான் பத்திரிகை வழக்கு, ‘வேலைநிறுத்த முறிப்பாளர்’ என்று வைத்தால் இங்கேயும் விளங்கும். ஆனால் ஹோம்ஸ்டெட்டுக்கு அது பொருந்துமோ தெரியேல்லை. வேலையை நிறுத்தினது ஆர்? கதவைப் பூட்டினது ஃபிரிக். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததாலேயே எல்லாம் வந்தது என்று அந்தச் சொல்லே சாட்சி சொல்லிவிடும்.

தோழர் சொல்லும் வலியை நான் மறுக்கவில்லை. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கோ. 1870இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வட ஆடம்ஸில் காலணித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி சாம்சன் கலிபோர்னியாவிலிருந்து 75 சீனரை ரயிலேற்றிக் கொண்டுவந்தார். 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கத்தில், சீனர் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், வேலைநிறுத்தத்துக்கு வர மறுக்கிறார்கள் என்ற கோபத்தை வளர்த்துக்கொண்ட வெள்ளைத் தொழிலாளர் குறைந்தது 28 சீனரைக் கொன்றார்கள். 1894இல் தலைவர் டெப்ஸ் எவ்வளவோ வாதாடியும் அமெரிக்க ரயில்வே யூனியனின் மாநாடு கறுப்பினத்தவரை உறுப்பினராக்க மறுத்தது. உள்ளே வராதே என்று கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்றவன் அந்த வேலைக்குப் போனால் துரோகி என்பதா? துரோகம் செய்ய முதலில் உறவு இருக்க வேண்டும்தானே.

தோழர் மாரிமுத்து, புதன் மதியம்

யோகா அம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுதவில்லை. ரயில்வே யூனியன் செய்தது தப்பு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதே ஆண்டு புல்மன் ரயில்பெட்டி நிறுவனத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அதற்கான விலையையும் அவர்கள் கொடுத்தார்கள் என்பது என் கருத்து. ஆனால் சங்கம் தப்பு செய்தது என்பதால் முதலாளி செய்தது மறைந்துவிடக் கூடாது. சீனரை ரயிலேற்றியவன் யார்? கூட்டிவந்தவனுக்கு ஒரு பெயர் கிடையாது, வந்தவனுக்கு மட்டும் பத்துப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அருண், புதன் மதியம்

ஆலோசனை: பதிலி. சின்னச் சொல், வசவு இல்லை.

தோழர் மாரிமுத்து, புதன் மதியம்

கூடவே கூடாது. மில்லில் பதிலி என்றால் பட்லித் தொழிலாளி. நிரந்தரக்காரன் லீவு போட்ட நாளில் காலையில் கேட்டில் நின்று வேலை வாங்குகிறவன். அவனும் சங்கத்துக்காரன், எங்களோடு உண்ணாவிரதம் இருந்தவன். அவனை ஸ்கேப் ஆக்காதீர்கள்.

கயல்விழி, புதன் மாலை

மாற்றாள்?

புலவர் நல்லசிவம், புதன் மாலை

மாற்றாள் என்றால் சக்களத்தி. மாற்றார் என்றால் பகைவர். எதைத் தொட்டாலும் சண்டையிலேதான் முடியும்.

(இதற்கு மட்டும் ஏழு பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். ஒரு வரிப் பதில்களைத் தவிர்க்கவும். – மட்டுறுத்துநர்)

அருண், வியாழன் காலை

வெளியாட்கள் என்றால்? எந்த இலக்கணமும் வேண்டாம், எல்லாருக்கும் புரியும்.

யோகா, வியாழன் காலை

சீனரை எதிர்த்தவர்கள் சொன்னதும் அதுதானே, வெளியாட்கள் என்று. ‘மாற்றுத் தொழிலாளர்’ என்று போடுங்கோ. மொத்தம் ஒன்றுதான் கவனிக்க வேண்டும். பிங்கர்ட்டன்காரரை அந்தச் சொல்லுக்குள்ளே சேர்க்க வேண்டாம். அவர்கள் இயந்திரத்தில் நிற்க வரவில்லை, ஆலைக்குக் காவல் நிற்க வந்தவர்கள். அவர்களுக்குக் கூலிப்படை என்று எழுதினால் போதும்.

கயல்விழி, வியாழன் இரவு

இதுவரை ஒன்பது பேர் ‘மாற்றுத் தொழிலாளர்’ பக்கம், மூன்று பேர் கருங்காலி பக்கம், புலவர் ஐயா இரண்டுக்கும் வாக்களித்திருக்கிறார். நான் செய்யப்போவது இது: ஆசிரியர் கூற்றாக வரும் இடங்களில் மாற்றுத் தொழிலாளர். தொழிலாளர் வாய்மொழியாகவோ துண்டறிக்கையாகவோ வரும் இடங்களில் மேற்கோள் குறிக்குள் கருங்காலி. முதல் முறை வரும்போது அது துரோகி என்ற பொருளில் ஆலைத் தொழிலாளர் வழங்கும் வசவு, நிறத்தைக் குறிப்பதல்ல என்று அடியில் ஒரு வரி. தோழர் கேட்டபடி, ‘மாற்றுத் தொழிலாளர் வந்தனர்’ என்று மொட்டையாக விடாமல், ‘நிர்வாகம் மாற்றுத் தொழிலாளரைக் கொண்டுவந்தது’ என்று எழுவாயோடு எழுதிவிட்டேன். நாளைக் காலை அனுப்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

தோழர் மாரிமுத்து, வெள்ளி காலை

எழுவாய் சேர்த்ததற்கு நன்றி அம்மா. மற்றபடி என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாற்றுத் தொழிலாளர் என்பது நிர்வாகத்தின் நோட்டீசில் வரும் சொல். பல்ப் போனால் மாற்றுவது மாதிரி இருக்கிறது. ஃபிரிக் தமிழ் படித்திருந்தால் இதைத்தான் வைத்திருப்பார்.

புலவர் நல்லசிவம், வெள்ளி மதியம்

கோப்பு போய்விட்டதா அம்மா? ‘மாற்று’ என்பதற்குப் பொன்னின் தரம் என்றும் பொருள் உண்டு. அதைப் பற்றி ஐந்தாம் பகுதி எழுதிக்கொண்டிருக்கிறேன்.