புதுப்பிப்பு: தெருவில் சாக்கடை நீர் ஏறியது, இப்போது இல்லை (கிருஷ்ணகிரி)

ஆடி மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் மழை பெய்தால் சாக்கடை நீர் வாசல்வரை ஏறுகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "தனித்தனியாக மனு எழுதாதீங்க, பகுதி சபையில் சேர்ந்து போய்ப் பேசுங்க" என்ற யோசனைதான். கிராமசபை மாதிரி நகரத்துக்கு 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் தொடங்கிய கூட்டம் இது. பதினெட்டு பேர் போனோம். கவுன்சிலர் அக்கா இரண்டாம் நாளே ஓவர்சியரோடு தெருவில் வந்து நின்றார்.

எதிர்பாராதது இனிமேல்தான். அடைப்புக்குக் காரணமே நாங்கள். வண்டி ஏற்றுவதற்காக ஏழு வீட்டார் சாக்கடைமேல் கான்கிரீட் போட்டு மூடியிருந்தோம். என் வீடும் அதில் ஒன்று. உடைத்தால் உள்ளே கூடை கூடையாக மாங்கொட்டை. மாம்பழ ஊரில் வேறென்ன இருக்கும்! நகராட்சி ஆட்கள் தூர் வாரினார்கள். கழற்றி மாட்டுகிற ஸ்லாப் போட்டுக்கொண்டது அவரவர் செலவு. ஒரு பெரியவர் மட்டும் ஒரு வாரம் முறைத்தார், அப்புறம் சரியாகிவிட்டார்.

'நமக்கு நாமே' திட்டத்தைச் சொன்னவருக்கு: அதில் வேலைக்கான செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு தரும். புதுக் கால்வாய் தேவைப்படாததால் அதைத் தொடவில்லை.

ஐப்பசியில் இரண்டு முறை கொட்டியும் வாசலில் தண்ணீர் இல்லை. தெருமுனைச் சிறுபாலம்தான் இன்னும் குறுகல். அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறோம்.