இரண்டு டைவ் முழுக்க கோப்ரோ பேட்டரி தாங்க என்ன வழி?

கேள்வி: கோப்ரோ ஹீரோ 11 கேமரா, 60 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஹவுசிங் (நீர் புகாத உறை). 4கே 60-இல் (நொடிக்கு 60 பிரேம்) எடுத்தால் இரண்டாவது டைவ் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: வைஃபை, ஜிபிஎஸ், குரல் கட்டளை மூன்றையும் அணையுங்கள். தண்ணீருக்குள் ஜிபிஎஸ் சிக்னலே வராது. வீணாகத் தேடிச் சார்ஜ் கரையும். 4கே 30 போதும். குவிக்கேப்சர் என்ற அமைப்பைப் போட்டால் ஷட்டரை அழுத்தும்போது மட்டும் கேமரா விழிக்கும், பதிவை நிறுத்தினால் தானே அணையும். பெரிய மிச்சம் இதில்தான். விழிக்கச் சில நொடி ஆகும், மீன் காத்திருக்காது, முன்கூட்டியே அழுத்துங்கள்.

பதில் 2: ஹவுசிங்குக்குள் தொடுதிரை வேலை செய்யாது. எல்லாவற்றையும் கரையிலேயே அமைத்துவிடுங்கள்.

பதில் 3: நிச்சயமான வழி, இரண்டு டைவுக்கும் நடுவிலான இடைவேளையில் பேட்டரி மாற்றுவது. ஹவுசிங்கை நன்னீரில் அலசி, நன்றாகத் துடைத்த பிறகே திறங்கள். ஓ-ரிங்கில் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒரு முடி சிக்கினாலும் கசியும். ஈரக்காற்று உள்ளே அடைபட்டால் ஆழத்தின் குளிரில் கண்ணாடி பனிக்கும். காய்ந்த ஈர உறிஞ்சி அட்டை அவசியம்.