60 விநாடிப் படங்களில் சிலவற்றில் மட்டும் விண்மீன்கள் நீள்கின்றன: மவுண்டில் பிழை எங்கே?

கேள்வி:
ஈரோட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பவை 400 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கி, 3.9 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமரா, மோட்டார் பொருத்திய ஈக்வடோரியல் மவுண்ட் (வானத் துருவத்தை நோக்கிய அச்சில் சுழன்று விண்மீன்களைப் பின்தொடரும் தாங்கி). பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வடக்கை மறைப்பதால் துருவ விண்மீன் தெரிவதில்லை. ஆகவே கைபேசித் திசைகாட்டியால் வடக்கைக் குறித்துக்கொண்டு, அச்சின் உயரத்தை 11 பாகையில் நிறுத்தியுள்ளேன். 20 விநாடிப் படங்களில் குறை தெரியவில்லை. 60 விநாடி வைத்தால் சில படங்களில் விண்மீன்கள் ஏறத்தாழ வட்டமாகவும், சிலவற்றில் அரிசி மணியைப் போல நீண்டும் விழுகின்றன. ஆட்டோ கைடர் (ஒரு விண்மீனைக் கவனித்து மவுண்டைத் தானாகத் திருத்தும் துணைக் கேமரா) வாங்கினால்தான் தீருமா?

பதில்:
அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். முதலில் பின்தொடரும் வேகம் சந்திரனுக்கோ சூரியனுக்கோ உரியதாக இல்லாமல் விண்மீன்களுக்கு உரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, படம் பதிவாகும்போதே கிழக்கு, மேற்குப் பொத்தான்களை அழுத்தி, விழும் கோடு படத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாகும்வரை கேமராவைத் திருப்புங்கள். நெபுலா உச்சிக்கோட்டை (தலைக்கு மேலாக வடக்கு தெற்காகச் செல்லும் கற்பனைக் கோடு) நெருங்கும் வேளையில் தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள் எடுத்து, ஒரே விண்மீன் எப்படி நகர்கிறது என்று எழுதுங்கள்.

கேட்டவர்:
வேகம் சரியாகவே இருக்கிறது. பக்கவாட்டில் 2-ஆம், 7-ஆம் படங்களில் நீட்சி இல்லை. 4, 5, 9, 10 ஆகியவற்றில்தான் மிக மோசம். விண்மீன் ஒரு பக்கமாக 20 பிக்சல் போய்த் திரும்பி வருகிறது. இதைத் தவிர, முதல் படத்திலிருந்து பத்தாவது வரை 16 பிக்சல் தெற்கே இறங்கியிருக்கிறது. ஆர்.ஏ. சக்கரத்துக்கு (விண்மீன்களைப் பின்தொடரும் அச்சின் பல்சக்கரம்) 144 பற்கள் என்று கையேட்டில் உள்ளது.

பதில்:
இதில் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. போய்த் திரும்பும் அசைவு வார்ம் கியருடையது (அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் திருகு வடிவப் பல்லிணை). 144 பல் சக்கரத்தில் வார்ம் ஒரு சுற்றுச் சுற்ற 598 விநாடி, அதாவது ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும்; அசைவு திசை மாறும் 2-ஆம், 7-ஆம் படங்கள் தப்பித்ததும், இடையில் வந்தவை கெட்டதும் அதனால்தான். உங்கள் கருவியில் ஒரு பிக்சல் 2 வில்விநாடி (ஒரு பாகையில் 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்தில் 60 வில்விநாடி). ஆக 20 பிக்சல் என்பது 40 வில்விநாடி.

தெற்கே ஒரே சீராக இறங்குவதற்குக் காரணம் அச்சு வடக்கைத் தவறவிட்டதே. ஒன்பது நிமிடத்தில் 32 வில்விநாடி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 3.6, அச்சு ஒரு வில்நிமிடம் விலகினால் நிமிடத்துக்கு 0.26 வில்விநாடி நகர்வு வரும் என்பதால், உங்கள் அச்சு ஏறத்தாழ 14 வில்நிமிடம், அதாவது முழு நிலவின் விட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி, கிழக்கே விலகி நிற்கிறது. மாடித் தளத்துக்குள் கம்பி கட்டியிருக்கும்போது கைபேசித் திசைகாட்டி இந்த அளவு பிழையோடு நின்றதே பெரிது!

துருவ விண்மீன் தெரியாததற்காக வருந்த வேண்டாம். ஓரியனின் இடுப்புப்பட்டையில் உள்ள மின்டாகா என்ற விண்மீன் வான நடுவரையை (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் செல்லும் கோடு) ஒட்டியிருக்கிறது. அது உச்சிக்கோட்டுக்கு அருகில் வரும்போது, தெற்கே நகர்ந்தால் அச்சை மேற்கே, வடக்கே நகர்ந்தால் கிழக்கே திருப்புங்கள். பிறகு கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு விண்மீனைப் பாருங்கள். அது தெற்கே போனால் அச்சை உயர்த்த வேண்டும், வடக்கே போனால் தாழ்த்த வேண்டும்.

கேட்டவர்:
அச்சைக் கிழக்கு மேற்காகத் திருப்பும் திருகை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதுமே, தெற்கே இறங்குவது ஒன்பது நிமிடத்துக்கு 2 பிக்சலாகக் குறைந்துவிட்டது. வார்மால் வரும் பக்கவாட்டு அசைவு அப்படியேதான் இருக்கிறது.

பதில்:
அதற்குக் கைடர் உதவும். முன்பே வாங்கியிருந்தால் கைடு விண்மீனை (கைடர் கவனிக்கும் விண்மீன்) அசையாமல் பிடித்துக்கொண்டு, அச்சுப் பிழையைக் கண்ணில் படாமல் மறைத்திருக்கும். நீண்ட நேரம் எடுக்கும்போது அந்த விண்மீனைச் சுற்றிப் படம் சுழல்வதை மட்டும் தடுத்திருக்காது. இப்போதைக்கு எடையைக் கிழக்குப் பக்கம் சற்றே கனமாக வைத்து, 30 விநாடியாகப் பல படங்கள் எடுத்து, விண்மீன்கள் நீண்டவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள்.

கேட்டவர்:
நேற்று 120 படங்கள் எடுத்ததில் 74 தேறின. கைடர் வாங்கும் எண்ணத்தை அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளிவிட்டேன்.