களர் மண்ணில் கட்டி குலைவதற்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களே,

இளநிலை வேளாண்மை மாணவர்களுக்கு ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன். மண்ணில் உப்பு ஏறினால் கரிமப் பொருள் என்னவாகிறது என்பதுதான் பொருள். நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். 'டிஸ்பர்ஷன்' என்ற இடத்தில் நிற்கிறேன். சோடியம் மிகுந்த மண்ணில் களித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீரில் மிதக்கின்றன. கட்டிக்குள் பொதிந்திருந்த மட்கு வெளியே வந்து நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. 'சிதறல்' என்றால் ஒளிச்சிதறல் குறுக்கே வருகிறது. வேறு சொல் உண்டா?

———

'கரைதல்' போதுமே. மழையில் மண் கரைந்தது என்று எல்லாரும் சொல்கிறோம். அப்புறம், 'உப்பு ஏறினால்' என்கிறீர்களே, அது உவரா, களரா?

———

ஐயா, நல்ல கேள்வி. பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. நீரில் குழைத்த மண்ணிலிருந்து வடிக்கும் நிறைசாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்; பரிமாற்றச் சோடியம், அதாவது களித்துகள்களில் ஒட்டியுள்ள அயனிகளில் சோடியத்தின் பங்கு, 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர். உவரில் வேர் நீரை இழுக்கத் திணறுகிறது, பயிர் குன்றுகிறது, மண்ணுக்குத் திரும்பும் தழையும் வேரும் குறைகின்றன. நுண்ணுயிர்களும் அதே தாகத்தில் சோர்வதால் மட்குதல் மெதுவாகிறது. ஆனால் கட்டி குலைவதில்லை. உப்பு மிகுந்த நீர் களித்துகள்களைச் சேர்த்தே பிடித்துவைக்கும்.

'கரைதல்' மட்டும் வேண்டாம் ஐயா. சர்க்கரை கரையும், களி கரையாது. காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் மழைநீர் ஊற்றி மெல்லப் போட்டுப் பாருங்கள். நல்ல மண் பொலபொலவென உதிர்ந்தாலும் நீர் தெளிவாக நிற்கும். களர் மண்ணைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் ஒரு மூட்டம் எழும், மறுநாளும் அடங்காது. அந்த மூட்டத்துக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

———

அப்படியானால் 'கலங்கல்' என்றே வையுங்கள். கண்ணில் தெரிவது அதுதான்.

களரைப் பற்றி ஒன்று. குறள் 406-இல் களர் ஒன்றும் விளையாத நிலம். 500-இல் யானையின் கால் புதையும் சேறு. உரைகாரர்கள் இரண்டு பொருள் சொன்னாலும் எனக்கு ஒரே மண்ணாகத்தான் படுகிறது. நனைந்தால் குழைந்து உள்வாங்கும், காய்ந்தால் இறுகிப் பயிரை விடாது. புறநானூறு 311-இல் 'களர்ப்படு கூவல் தோண்டி' வெள்ளைத் துணி வெளுக்கிறார்கள். காரம் அழுக்கை விடுவிப்பதுபோல மட்கையும் விடுவிக்கும் அல்லவா? கரைந்த மட்கு நீரோடு மேலேறி, மண்மேல் கறுப்பாகப் படிவதுண்டு. களா, காளம் போலக் களரும் கருமைக் 'கள்' வேரில் பிறந்தது என்பது என் துணிபு.

———

வேரை விடுங்கள் அண்ணா. வெள்ளை பூத்த நிலத்தையும் களர் என்றுதானே சொல்கிறார்கள்? கருமை எங்கே வந்தது?

என் குறை வேறு. 'கரிமப் பொருள்' என்றால் எங்கள் இலங்கை மாணவர்களுக்கு நிலக்கரி நினைவு வரும். 'சேதனப் பசளை' (இயற்கை உரம்) என்று பழகியதால் 'சேதனப் பொருள்' என்றால் தோட்டத்தில் நிற்பவருக்கும் புரியும். வடமொழி என்பதற்காக அதைத் தள்ளாதீர்கள். கடினமான தனித்தமிழை விடப் பழகிய சொல் மாணவருக்கு உதவும்.

———

தங்கையே, சேதனம் என்றால் உணர்வுள்ளது. மக்கிய இலைக்கு உணர்வேது? பழகிவிட்டது என்பது மட்டும் ஒரு சொல்லுக்கு நியாயம் ஆகாது.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். கலங்கல் நீரின் நிலை. நமக்கு வேண்டியது மண்ணுக்கு நேர்வது. துகள்கள் சேர்ந்தது திரள். அது குலைந்தால் 'திரள்குலைவு'. ஜிப்சம் இடும்போது அதிலுள்ள கால்சியம் அயனி சோடியத்தை வெளியேற்ற, துகள்கள் மறுபடி சேர்வதைத் 'திரளல்' எனலாம். ஒரே வேரில் இரண்டும் கிடைக்கின்றன.

———

'திரள்குலைவு' என்றால் நல்ல மண் பொலபொலவென உதிர்வதும் அதில் அடங்கிவிடுமே? அதுவும் திரள் குலைவதுதான். நான் கலங்கலை விடுவதாயில்லை.

———

உதிர்வதற்கு 'உதிர்வு' என்றே எழுதிவிட்டேன், அண்ணா. நேரமில்லை, நான்கு பேர் ஒப்பியதால் 'திரள்குலைவு' போகிறது. முதல் முறை வரும் இடத்தில் 'நீர் கலங்கும்படி' என்று சேர்த்திருக்கிறேன். கரிமப் பொருளுக்குப் பக்கத்தில் சேதனப் பொருளையும் போட்டிருக்கிறேன். அடுத்த பாடத்தில் உவரும் களரும் ஒருசேர உள்ள மண் வருகிறது. 'உவர்களர்' சரியா, 'களருவர்' சரியா?