அப்பாவின் குணம் மாறிவிட்டது, ஞாபகமோ குறையவில்லை: இது என்ன நோய்?

கேள்வி (திருகோணமலையிலிருந்து ஒரு மகள்):
என் அப்பாவுக்கு 58 வயது. யாரிடமும் அதிர்ந்து பேசியறியாத அவர், அண்மையில் அயலவர் ஒருவரின் செத்தவீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களின் நடுவே சத்தமாகச் சிரித்தார். நீரிழிவு இருந்தும், இரவில் எழுந்து சீனிப் போத்தலைத் திறந்து கரண்டி கரண்டியாக அள்ளி உண்கிறார். அம்மா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருக்கையில், எந்தக் கலக்கமும் இன்றித் தனக்குத் தேநீர் ஊற்றித் தரும்படி கேட்டார். ஆனால் கடைப் பற்றுவரவு முழுவதும் அவருக்கு மனப்பாடம். அதனால் இது டிமென்சியாவாக (மூளை தேய்ந்து அறிவாற்றல் குன்றும் நோயாக) இருக்காது என்கிறார்கள் உறவினர்கள். செய்வினை என்போரும் உண்டு. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1 (உப்புவெளியிலிருந்து ஒரு மனைவி):
தங்கச்சி, என் கணவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. மனச்சோர்வு என்று கருதி நெடுங்காலம் மருந்து கொடுத்தார்கள். அவரோடு வாதாடாதீர்கள், ஏனெனில் தன்னில் மாற்றம் நேர்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது. சீனியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். என் கணவர் காசு கொடுக்காமல் கடைகளில் இனிப்பை எடுத்து வரத் தொடங்கியபோது, நோயை விளக்கி, மாதமுடிவில் நானே கணக்குத் தீர்ப்பதாகக் கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். அதன்பின் யாரும் அவரை அவமதிக்கவில்லை. காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2 (ஒரு வைத்தியர்):
ஞாபகம் நன்றாக இருப்பதால் டிமென்சியா இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அல்சைமர் நோயில் பெரும்பாலும் மறதி முந்துகிறது. பிரண்டோடெம்போரல் டிமென்சியாவிலோ நடத்தையையும் இரக்கத்தையும் ஆளும் மூளையின் நெற்றிமடலும், அதனை அடுத்த பொட்டுமடலின் முன்பகுதியும் தேய்வதால், குணமே முதலில் மாறுகிறது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் இந்நோயை, 1892 இல் பிராக் நகரில் ஆர்னோல்ட் பிக் முதன்முதலில் விவரித்தார். கூச்சமின்மை, அக்கறையின்மை, இரக்கம் குன்றுதல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், இனிப்பு மோகம், திட்டமிடும் திறன் குறைதல் ஆகிய ஆறில் மூன்றேனும் தொடர்ந்து காணப்பட்டால் இந்நோயைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் எழுதியவற்றிலேயே மூன்று தென்படுகின்றன.

நரம்பியல் நிபுணரிடம் செல்லும்போது, எந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள்; அந்தத் தாள் பல வேளைகளில் ஸ்கேனைவிடப் பயன்படும், ஏனெனில் ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே தோன்றக்கூடும். தைரொயிட், வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் தேவை. நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. சில மனச்சோர்வு மருந்துகள் நடத்தையை ஓரளவு தணிக்கின்றன. அல்சைமருக்குரிய டொனெபெசில் குளிசையை வேறொருவரிடம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது படபடப்பைக் கூட்டிவிடலாம். கைகால் தசைகள் மெலிகின்றனவா, விழுங்கும்போது புரையேறுகிறதா என்றும் கவனித்து எழுதுங்கள். இந்நோயோடு சிலருக்கு, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இயக்க நரம்பணு நோயும் சேர்ந்து வருவதுண்டு.