அம்மாவுக்கு உடம்பு சுடவே இல்லை

போன ஐப்பசி மழையில் நடந்தது. அம்மாவுக்கு 71 வயது, பல வருடமாகச் சர்க்கரை. தினமும் விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பவர், அன்று ஏழு மணியாகியும் எழவில்லை. தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. தெர்மாமீட்டரில் 99.4தான். "அசதியா இருக்கு, படுத்துக்கறேன்" என்றார். லேசான இருமல். மழைச்சளி என்று நினைத்து மிளகு ரசமும் கஞ்சியும் கொடுத்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் என் மகன் 103 டிகிரி காய்ச்சலில் பாட்டி மடியிலேயே படுத்துக் கிடந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அது மனதை அறுக்கிறது.

மறுநாள் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை, அம்மா என்னைப் பார்த்து, இறந்துபோன சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 89, சர்க்கரை 340. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ.

வயதானவர்களுக்கு ஃப்ளூ வந்தால் காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம், திடீர்ச் சோர்வு, சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சில் குழப்பம், இவையே அறிகுறியாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் கொடுத்த ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அதற்கான மருந்து ஓசெல்டாமிவிர். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். பிந்தியிருந்தாலும் நிலைமை மோசம் என்பதால் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. மறுபடி வாசல் தெளிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படிக்கும்போதே பதறுகிறது. என் கணவர் விஷயம் வேறு மாதிரி. 38 வயது, எந்த நோயும் கிடையாது. நாலு நாள் ஃப்ளூ காய்ச்சல் அடித்தது, விட்டதும் வேலைக்கும் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துக் குளிரோடு திரும்ப வந்தது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், மஞ்சளாகச் சளி. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நுழைந்து நிமோனியா. இங்கே ஆன்டிபயாடிக்தான் காப்பாற்றியது. எது எப்போது தேவை என்று கடைக்காரர் சொல்ல முடியாது. விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

* * *

அக்கா, எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நாள்பட்ட மூச்சுத்திணறல். அதனால் வருடாவருடம் புரட்டாசியில் ஃப்ளூ ஊசி போட்டுவிடுகிறோம். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் ஃப்ளூ அதிகமாகப் பரவும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. முதல் தடவை ஒரு நாள் உடம்பு வலித்ததும் "ஊசியாலதான் ஃப்ளூ வந்துச்சு" என்று அப்பா கோபித்துக்கொண்டார். இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினார். போன வருடம் ஊசி போட்டும் ஃப்ளூ வந்தது. ஆனால் வீட்டிலேயே சரியானது. அப்புறம், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது பிறருக்குப் பரவ ஆரம்பித்துவிடும். ஆகவே இப்போது அப்பாவோடு நாங்கள் எல்லாருமே போட்டுக்கொள்கிறோம். அக்கா, அம்மாவுக்கு இந்த வருடம் போட்டாயிற்றா?