பேஸ்பால் சிம் லீக்: 24 அணியில 7 காலி, மேனேஜர் பிடிக்க வேற வழி இருக்கா?

கிளமெண்டி_கமிஷனர்:
வணக்கம். ஓஓடிபி (Out of the Park Baseball, பேஸ்பால் அணியை நிர்வகிக்கிற கணினி விளையாட்டு) ஆன்லைன் லீக், கற்பனை வீரர்கள், 24 அணி. வாரம் 3 சிம் (ஆட்டங்களைக் கம்ப்யூட்டர்ல ஓட்டறது), ஒவ்வொன்னுலயும் விளையாட்டுக்குள்ள 7 நாள் நகரும். 7 அணியைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுது. வெளிநாட்டு மன்றங்கள்ல விளம்பரம் போட்டா அமெரிக்காக்காரங்க வர்றாங்க. நம்ம சிங்கப்பூர் இரவு 10 மணிக் கெடு நியூயார்க்ல கோடையில காலை 10, குளிர்காலத்துல 9. வேலைக்குப் போற நேரத்துல யாரு எக்ஸ்போர்ட் (அணியில செஞ்ச மாற்றங்களோட கோப்பு) அனுப்புவா? ரெண்டு சிம்ல காணாமப் போயிடறாங்க. இங்கேயே தமிழ் பேசற ஆளுங்களைச் சேர்க்கணும். "நண்பர்கள்கிட்ட சொல்லுங்க"வைத் தாண்டி யோசனை சொல்லுங்க.

ஒன்பதாவது_இன்னிங்ஸ்:
முதல்ல அந்த விளம்பரத்தைத் தூக்குங்க அண்ணே. "7 அணி காலி"ன்னு பார்த்தாலே லீக் மூடப் போகுதுன்னு தோணும். ஒரு நேரத்துல ரெண்டு அணிக்கு மேல வெளியில காட்டாதீங்க. காட்டற அணிக்கு ஒரு சீட்டு எழுதுங்க, இந்த மாதிரி:

"சம்பளம் 9.8 கோடி டாலர், பட்ஜெட் 12.5 கோடி. அடுத்த டிராஃப்ட்ல (புது வீரர்களை முறை வச்சு எடுக்கறது) 3வது இடம். 21 வயசு இடக்கை பிட்சர் (பந்து வீசறவர்) டிரிபிள்-ஏ (மைனர் லீக்கோட மேல்படி) வரைக்கும் வந்தாச்சு. தலைவலி: 34 வயசு ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு இன்னும் 4 வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 2.2 கோடி."

கடைசி வரிதான் தூண்டில். அந்த ஒப்பந்தத்தை யார் தலையில கட்டலாம்னு கணக்குப் போட ஆரம்பிச்சவர் பாதி சேர்ந்தாச்சு. நல்ல அணின்னு மட்டும் புகழ்ந்து எழுதினா, அப்புறம் ஏன் காலியா கிடக்குதுன்னு கேட்பாங்க.

இன்னொன்னு, ஆள் இல்லாத அணியோட டிரேடை (வீரர் பரிமாற்றம்) இன்னைக்கே நிறுத்துங்க. கம்ப்யூட்டர்கிட்ட நல்ல இளம் வீரர்களை மத்தவங்க சுரண்டி எடுத்த பிறகு எஞ்சினதை எந்தப் புது ஆளும் தொட மாட்டார்.

ஈசூன்_ஸ்டம்ப்:
ஆள் எங்கேன்னா, ஃபேன்டசி கிரிக்கெட் ஆடற வாட்ஸ்அப் குழுக்கள்ல. ஏலம், சம்பள வரம்பு, யாரை உட்கார வைக்கிறது, இதெல்லாம் அவங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. தடுக்கறது எண்கள்தான். ஒரே பக்கத்துல இதை விளக்குங்க:

பேட்டிங் சராசரி .300ன்னா 30 ரன் இல்லை, பத்து அட்-பேட்டுக்கு (மட்டை பிடிக்கிற முறை) மூணு ஹிட். வாக் (நாலு தப்பான பந்துக்குக் கிடைக்கிற இலவச பேஸ்) அதுல சேராது, அதனால ஓபிபியையும் (எத்தனை தடவை பேஸ் ஏறினார்ங்கற விகிதம்) சேர்த்துப் பார்க்கணும். ஈஆர்ஏ (பிட்சர் விட்ட ரன் சராசரி) எகானமி ரேட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி, ஆனா ஓவருக்கு இல்லை, 9 இன்னிங்ஸுக்கு. ஃபீல்டர் பிழையால வந்த ரன் பிட்சர் கணக்குல ஏறாது. இன்னிங்ஸ் கணக்கை எல்லாரும் தப்பாப் படிப்பாங்க: 6.2 ஓவர்னா ஆறு ஓவர் ரெண்டு பந்து, அதே மாதிரி 6.2 இன்னிங்ஸ்னா ஆறு இன்னிங்ஸ் ரெண்டு அவுட். ஓவர்ல .5 வரைக்கும் போகும், இங்க .2 தாண்டாது. மூணாவது அவுட் விழுந்தா 7.0.

இடக்கை பிட்சருக்கு ஒரு லைன்-அப், வலக்கைக்கு ஒண்ணு. புது ஆளுங்க ஒண்ணைச் சரி பண்ணிட்டு இன்னொண்ணைத் தொடவே மாட்டாங்க, அப்புறம் "நான் போட்ட ஆள் ஏன் ஆடலை"ன்னு கேட்பாங்க. இதையும் அந்த ஒரு பக்கத்துல போட்டுடுங்க.

பள்ளியில சாஃப்ட்பால் ஆடினவங்களுக்கு இந்தப் பாடமே வேண்டாம், விதி பாதி தெரியும். பணம் கட்டிப் பரிசுன்னு யாராவது கிளம்பினா மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க. 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிற ஊர்ல எதுக்கு வீண் வம்பு.

புளோக்_எட்டு:
காலி அணியை யார் கையிலயும் நேராக் கொடுக்காதீங்க. ஆள் இருக்கிற 17 அணியில உதவி மேனேஜர் இடம் போடுங்க. ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடிச்சவங்களுக்கான ராணுவப் பயிற்சி) வருஷத்துக்கு 40 நாள் வரைக்கும் கூப்பிடலாம். முகாம்ல இருக்கிறவர் எக்ஸ்போர்ட் அனுப்பறது நடக்காத காரியம். அந்த வாரங்களை உதவியாளர் பார்த்துக்கட்டும். உங்களுக்கும் தேவை, அவருக்கும் பயிற்சி.

முதல் வாரம் மைனர் லீக் மட்டும். ரெண்டாவது வாரம் லைன்-அப், பிட்சர் சுழற்சி. மூணாவது வாரம் வேவர் (ஒரு அணி விடற வீரரை மத்த அணிகள் கேட்டு வாங்கறது), 40 பேர் பட்டியல் (அணியோட முதன்மை வீரர் பட்டியல்). டிரேட் மட்டும் அணியோட மேனேஜர் கையிலயே இருக்கட்டும். இது கெட்டுப் போறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, ரெண்டு பேரும் எக்ஸ்போர்ட் அனுப்புவாங்க, கடைசியா ஏறின கோப்பு முந்தினதை அழிச்சிடும். எந்த நாள் யார் அனுப்பறதுன்னு முன்னாடியே பேசணும். ரெண்டு, உதவியாளரை எடுபிடியா வச்சுக்குவாங்க. அதுக்கு மருந்து, டிராஃப்ட் பட்டியலை முழுசா அவர்கிட்ட விட்டுடறது. அதுலதான் ருசி.

கிளமெண்டி_கமிஷனர்:
உதவி மேனேஜர் யோசனை பிடிச்சிருக்கு. ஆனா 7 பேர் தேறி வர எவ்வளவு நாள் ஆகும்? சீசனுக்கு ஏறக்குறைய 27 சிம், இப்போ 9 வாரத்துல முடியுது.

ஒன்பதாவது_இன்னிங்ஸ்:
7 பேர் எதுக்கு? சீசன் முடிஞ்சதும் 4 அணியைக் கலைச்சு 20 ஆக்குங்க, 5 அணி வீதம் 4 பிரிவு. கலைக்கிற அணிகளோட 40 பேர் பட்டியல் மொத்தம் 160 பேர். அவங்களை மிச்ச 20 அணியும் முறை வச்சு எடுக்கட்டும், ஆளுக்கு 8 சுற்று, கணக்கு சரியா வருது. முதல் ரெண்டு சுற்றுல மட்டும் புதுசா வர்ற 3 பேருக்கு முதல் வாய்ப்புன்னு அறிவிங்க. அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பழைய ஆளுங்க முணுமுணுப்பாங்க, விடுங்க. சீசன் நடுவுல மட்டும் செய்யாதீங்க, ஆட்ட அட்டவணை மொத்தமும் குழம்பிடும்.

வாரம் 3 சிம்மை 2 ஆக்கினா சீசன் 9 வாரத்துலேர்ந்து பதிமூணரைக்கு நீளும். வேலைக்குப் போறவங்களுக்கு அதுதான் தோது.

ஈசூன்_ஸ்டம்ப்:
எனக்கு 2 சிம்ல உடன்பாடில்லை. புது ஆளுக்கு மூணு நாள் காத்திருந்தா சூடு ஆறிடும். 3 இருக்கட்டும், ஆனா கெடுவை 10லேர்ந்து 11.30க்குத் தள்ளுங்க. பிள்ளைங்க தூங்கின பிறகுதான் பலருக்குக் கையில மடிக்கணினி வரும்.

விலையையும் மறக்காதீங்க. எல்லாரும் ஒரே பதிப்பு, ஒரே பேட்ச்ல இருக்கணும். புதுப் பதிப்பு வழக்கமா மார்ச் வாக்குல வரும், அதுக்கு முன்னாடி பழையது ஸ்டீம் (இணைய விளையாட்டுக் கடை) தள்ளுபடியில நல்லாவே இறங்கும். லீக் ஒரு பதிப்பு பின்னாடியே இருந்தா புது ஆளுக்குச் செலவு குறையும். புதுசுக்கு மாத்திட்டா திரும்பி வர முடியாது, அதனால கோப்போட நகல் ஒண்ணு எடுத்து வச்சுட்டு மாத்துங்க.

கிளமெண்டி_கமிஷனர்:
சரி. சீசன் முடியறவரை கெடு 11.30. ரெண்டு அணிக்குச் சீட்டு, மூணு உதவி மேனேஜர் இடம், கிரிக்கெட் குழுக்கள்ல அந்த ஒரு பக்க விளக்கம். 20 அணிக்குப் போறதா வேண்டாமான்னு ஞாயிறு சிம் முடிஞ்சு ஓட்டெடுப்பு.

புளோக்_எட்டு:
ஓட்டெடுப்புக்கு முன்னாடி அந்த 7 அணியோட கடவுச்சொல்லையும் மாத்திடுங்க. விட்டுட்டுப் போன மேனேஜர்கள் கையில பழசு இன்னும் இருக்கும்.